ஜனாஸா எரிப்பும் ஒரு கிரேக்க நாடகமும்

கி.மு. 441 அளவில் ஏதென்ஸ் நகரில் மேடையேறியது சோபோக்கிளிஸின் 'அன்ரிகனி' நாடகம். அதன் மையப் பிரச்சினையே ஒரு ஜனாஸாதான். போரில் மாண்ட ஒருவனின் உடலை யாரும் அடக்கக் கூடாது, மீறினால் மரணம் என்று கிரியோன் மன்னன் கட்டளையிடுகிறான். மாண்டவனின் சகோதரி அன்ரிகனி அதை மீறி மண்ணிடுகிறாள். மன்னனின் கட்டளைக்கு மேலே தெய்வ நியதி உண்டு என்பது அவளது வாதம்.

நம் நாட்டில் 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொவிட் தொற்றால் இறப்போரை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. அடக்கலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியும் பயனில்லை. பிறந்து 20 நாளேயான சிசுவும் எரிக்கப்பட்டது. இறந்தவர் மீதும் தன் அதிகாரத்தைக் காட்டுவதே கொடுங்கோன்மையின் இயல்பு என்பதை அன்று கண்டோம்.

ஆனால் என்னை அதிகம் உறுத்துவது கிரியோன் அல்ல, அவனைச் சூழ்ந்தவர்களே. ஊர்ப் பெரியவர்கள் கட்டளைக்குத் தலையாட்டுகிறார்கள். தங்கை இஸ்மினி பயந்து ஒதுங்குகிறாள். மக்கள் அன்ரிகனிக்காக இரகசியமாக அழுவதை மன்னனிடம் துணிந்து சொல்பவன் அவனது மகன் ஹைமன் மட்டுமே. அநியாயக்கார ஆட்சியாளன் முன் சத்தியத்தைச் சொல்வது சிறந்த ஜிஹாத் என்ற நபிமொழியை அறிந்த நமக்கு இந்தக் காட்சி புதிதல்ல. எனினும், ஜனாஸாக்கள் எரிந்துகொண்டிருந்த 2020 ஒக்டோபர் 22 அன்று, ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பெருக்கிய 20ஆவது திருத்தம் 156 வாக்குகளால் நிறைவேறியது. ஆதரித்தவர்களில் எதிரணியிலிருந்த முஸ்லிம் உறுப்பினர்களும் மலையகத் தமிழ் உறுப்பினர் ஒருவரும் இருந்தனர்.

கந்தப்பளையைச் சுற்றியுள்ள தோட்ட மக்களின் முன்னோரை நாடற்றவர்களாக்கிய 1948ஆம் ஆண்டு பிரஜாவுரிமைச் சட்டமும் பாராளுமன்றத்தில் கையுயர்த்தியே நிறைவேற்றப்பட்டது. கொடுங்கோன்மைக்கு எப்போதும் வாள் தேவைப்படுவதில்லை, பெரும்பான்மை வாக்கும் போதும்.

கிரியோன் மனம் மாறும்போது அன்ரிகனி, மகன், மனைவி மூவரையும் காப்பாற்ற முடியவில்லை. இங்கும் 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. எரிந்த ஜனாஸாக்களுக்கு அதனால் என்ன பயன்?

ஆகவே, அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் பாதையையும் பள்ளிக் கட்டடத்தையும் பற்றிக் கேட்பதற்கு முன், அதிகாரத்தை ஒருவர் கையில் குவிக்கும் சட்டங்களுக்கு எப்படி வாக்களித்தார் என்று கேட்போம். அந்தச் சட்டம் இன்று எந்தச் சமூகத்தைக் குறிவைத்தாலும் கேட்போம்.