மஅபரின் உள்நாட்டுத் துறைகள்

சோழமண்டலக் கடற்கரையை அரபு மொழி வரலாற்றாசிரியர்களும் பயணிகளும் ‘மஅபர்’ என்று அழைத்தனர். கடக்கும் இடம் என்பது அதன் பொருள். பதினான்காம் நூற்றாண்டில் இங்கு வந்த இப்னு பதூதாவின் பயண நூலிலும் இப்பெயரே காணப்படுகிறது. இலங்கைக்கும் கீழை நாடுகளுக்கும் கடல் கடப்போர் புறப்பட்ட கரை என்பதால் பெயர் பொருந்திற்று. கடற்கரையை விட்டு உள்நாட்டிற்குள் வந்தாலும் அப்பெயரின் பொருத்தம் குறைவதில்லை. வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு, பாமணியாறு, கோரையாறு எனப் பிரிந்தோடும் தஞ்சைத் தரணியில், ஆறு கடவாமல் நெடுந்தூரம் செல்ல வழியே இல்லை. மயிலாடுதுறை, ஆடுதுறை, திருவாவடுதுறை என்னும் ஊர்ப்பெயர்களே இதற்குச் சான்று.

பாலங்கள் தோன்றும் முன் கோடையில் மணலில் நடந்தும், வெள்ளக் காலத்தில் ஓடத்திலும் பரிசலிலும் மக்கள் ஆறு கடந்தனர். இவற்றுள் கொள்ளிடமே கடத்தற்கு அரியது. காவிரியின் மிகுநீரைச் சுமந்து செல்லும் வடிகாலாக அது அமைந்திருப்பதால், வெள்ளம் வந்தால் கரை காணாது விரியும். வற்றினால் மணற்காடாகக் கிடக்கும். தஞ்சையையும் தென்னார்க்காட்டையும் அது பிரித்து வைத்திருந்தது.

இவ்வாற்றைக் கடப்பதற்கான நிலையான வழிகளுள் சில, கடக்கும் நோக்கத்தோடு தொடங்கப்பட்டவை அல்ல, பாசனத்திற்காக எழுந்தவை. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரியும் கொள்ளிடத்தின் படுகை தாழ்வானது, சரிவு மிக்கது. ஆகவே நீர் அதன் பக்கமே இழுத்துச் செல்லப்பட்டது. காவிரியோ வண்டல் படிந்து மேடேறி வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையின் வேளாண்மைக்கு இதுவே பேரிடராக நின்றது. பொறியாளர் ஆர்தர் காட்டன் வகுத்த திட்டத்தின்படி 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணை கட்டப்பட்டது. கொள்ளிடத்துக்கு நீர் குறைந்தபோது அதன் கீழ்ப்பகுதிப் பாசனம் கெடாதிருக்க, அதே ஆண்டில் அணைக்கரையில் கீழணை எழுந்தது. வடவாற்றின் வழியே வீராணம் ஏரிக்கு நீர் செல்வது இக்கீழணையிலிருந்துதான்.

அணைக்குத் தூண்கள் நட்டபின் அவற்றின் மேல் வளைவுகள் அமைத்துப் பாதை போடுவது எளிது. கரிகாலன் பெயரோடு போற்றப்படும் கல்லணையின் மீது 1839இல் பாலம் அமைந்தது. கீழணையும் கும்பகோணத்திலிருந்து சென்னை செல்லும் சாலையைத் தன் முதுகில் தாங்கியது. நெல்லுக்கு நீர் தந்த கட்டுமானமே நெல் வண்டிக்கு வழியும் தந்தது.

இவற்றின் அடித்தளம் நம் ஆழ்ந்த கவனத்திற்குரியது. காவிரிப் படுகையில் பாறை எளிதில் அகப்படாது, எல்லாம் மணல். ஓடும் மணலின் மேல் கல்லை இட்டால், அது அரிப்பில் மெல்லமெல்லப் புதைந்து ஓர் ஆழத்தில் நிலைத்து நிற்கும். அதன்மேல் மேலும் கல்லடுக்கி, களிமண்ணால் இணைத்துக் கல்லணை எழுப்பப்பட்டது. மணலிலும் உறுதியான அடித்தளம் அமைக்க இயலும் என்னும் பாடத்தைப் பழந்தமிழரிடமிருந்தே தாம் கற்றதாகக் காட்டன் ஒப்புக்கொண்டார். உறைகிணறுகளை மணலில் இறக்கி அவற்றின்மேல் சுவரெழுப்பும் நம் நாட்டு முறையும் மேலணையில் கையாளப்பட்டது. இங்குப் பெற்ற அனுபவம், 1847இல் தொடங்கிய கோதாவரி அணைக்கட்டுக்குத் துணை நின்றது.

அடுத்து வந்தது இருப்புப்பாதை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்குச் சென்ற பாதை 1862இல் நிறைவுற்றது. அதன் பணிமனை நாகையில் இருந்தது. 1920களின் இறுதியில் அது பொன்மலைக்கு மாறியபோது நாகை தன் தொழில் முகத்தை இழந்தது. இதனினும் சிறப்புக்குரியது, 1894இல் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை திறக்கப்பட்ட தஞ்சை ஜில்லா போர்டு இரயில்வே. நிலவரியோடு சேர்த்து மக்களிடம் பெற்ற தனி வரியே அதற்கு முதலாயிற்று. உழவர் பணத்தில் உருவான அப்பாதை பின்னர் அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை வழியாக அறந்தாங்கி வரை நீண்டது.

நம் சமுதாயத்தின் வாழ்வோடு இப்பாதைகள் பின்னிக் கிடக்கின்றன. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர், நாகூர் ஆகிய ஊர்களிலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கச் சென்றோர் ஏராளம். ஆற்றை ஓடத்தில் கடந்து, இரயிலேறி நாகை சேர்ந்து, கரைக்கு வர இயலாமல் ஆழ்கடலில் நின்ற கப்பலைத் தோணியில் அடைந்த பயணம் அது. ‘ரஜூலா’ கப்பல் 1973 வரை ஓடியது. ‘சிதம்பரம்’ கப்பல் 1984இல் தீ விபத்துக்குள்ளானதோடு அக்கடல்வழிப் பயணம் முடிவுற்றது. சிங்கப்பூரில் 1828–30இல் எழுந்த நாகூர் தர்கா, அப்பயணத்தின் மறுகரையில் நிற்கும் நினைவுச் சின்னமாகும். அது அங்கே பாதுகாக்கப்படுகிறது. இக்கரையில் எஞ்சியவற்றின் கதை வேறு.

மயிலாடுதுறை–தரங்கம்பாடி இரயில் பாதை 1926இல் திறக்கப்பட்டு 1986இல் மூடப்பட்டது. பின்னர்த் தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. நெல்லை ஊறவைத்த தொட்டிகள், அவித்த கொதிகலன்கள், உலர்த்திய சிமெண்டுக் களங்கள், உமி எரித்த உலைகளின் மேல் உயர்ந்த செங்கல் புகைபோக்கிகள் ஆகியவற்றோடு இயங்கிய பழைய அரிசி ஆலைகள், புதிய இயந்திரங்கள் வந்தபின் கவனிப்பாரற்றுப் போயின. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் உலக மரபுச் சின்னமாயிற்று, அது தகும். இங்கிலாந்தில் 1779இல் கட்டப்பட்ட இரும்புப் பாலமும் அதைச் சூழ்ந்த பள்ளத்தாக்கும் 1986இலேயே அச்சிறப்பைப் பெற்றன. தொழிற்கூடமும் பாலமும் கூட மரபே என்னும் எண்ணம் நம்மிடம் இன்னும் வேரூன்றவில்லை.

இது வெறும் பழம்பெருமை பற்றிய கவலையா? 2018 ஆகஸ்டு மாதம் இக்கேள்விக்கு விடை தந்தது. மேட்டூர் நிரம்பி வெள்ளம் திறந்துவிடப்பட்டபோது, 1928இல் கட்டப்பட்டு, போக்குவரத்து நிறுத்தப்பட்டிருந்த திருச்சிக் கொள்ளிடம் பழைய பாலத்தின் தூண்கள் சரிந்தன. சில நாட்களில், ஆகஸ்டு 22 இரவு, முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்தன. 182 ஆண்டுகள் உழைத்த அணை அது. மணலில் நிற்கும் தூணுக்கு அதைச் சூழ்ந்த மணலே பிடிமானம். ஆற்றுப்படுகை தாழத் தாழ அப்பிடிமானம் தளர்கிறது. வெள்ளம் மிச்சமுள்ளதையும் அரித்துச் செல்கிறது. மணல் அள்ளப்பட்டதே இதற்குக் காரணம் என்று அன்று பலரும் குற்றஞ்சாட்டினர். மணலின் இயல்பை அறிந்து கட்டியவர்களின் அறிவை நாம் மறந்தால், அவர்கள் கட்டியதையும் காக்க இயலாது என்பதே இதில் தெளிவாகும் உண்மை. உடைந்த அணைக்கு மாற்றாகப் புதிய கதவணை கட்டப்பட்டது. ஆனால் படுகையெங்கும் உள்ள ஒவ்வொரு பழைய மதகுக்கும் பாலத்துக்கும் அவ்வாறு மாற்று எழுப்புதல் எளிதன்று.

எல்லாவற்றையும் அப்படியே நிறுத்தி வைக்க முடியாது. மீட்டர் பாதை அகலப் பாதையாவதும், பழுதான பாலம் நீக்கப்படுவதும் தேவையே. நீக்கும் முன் அளந்து, வரைந்து, படம் எடுத்து வைத்தல் நம்மால் இயலும். நம் ஊர்களின் பழைய கிரயப் பத்திரங்களிலும் வக்ஃபு ஆவணங்களிலும் நான்கெல்லை விவரத்தைப் படித்தால், இன்று இல்லாத துறையும் வாய்க்காலும் ஆலையும் வெளிப்படக் கூடும். ஓடம் தள்ளியவர், ஆலையில் கொதிகலன் பார்த்தவர், நாகையில் கப்பலேறியவர் ஆகியோரின் நினைவுகள் அவர்களோடு மறையும் முன் பதிவாக வேண்டும். ஊர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை மாணவர்களும் ஜமாஅத்தாரும் இணைந்தால் இப்பணிக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

கடத்தலைக் குறிக்கும் ‘மஅபர்’ என்னும் சொல்லும், படிப்பினையைக் குறிக்கும் ‘இப்ரத்’ என்னும் சொல்லும் அரபு மொழியில் ஒரே வேரிலிருந்து பிறந்தவை. நம் முன்னோர் கடந்த துறைகளை அடையாளம் கண்டு குறித்து வைத்தால், படுகையின் அடுத்த வெள்ளத்தை எதிர்கொள்வோருக்கும் அதில் படிப்பினை உண்டு.