அவமதித்தவருக்கு மந்திரி பதவி!
ஆள் தேர்வில் லிங்கன் காட்டிய வழி

அமெரிக்காவில் சின்சினாட்டி என்று ஒரு நகரம். 1855-ம் ஆண்டு அங்கே அறுவடை இயந்திரம் பற்றி ஒரு பெரிய வழக்கு நடந்தது.

வாதாடுவதற்காக இல்லினாய் மாகாணத்தில் இருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். நெட்டையான ஆள். பொருந்தாத உடை.

அதே தரப்பின் இன்னொரு வக்கீல் எட்வின் ஸ்டான்டன். பெரிய பெயர் பெற்றவர், முன்கோபி. இந்த நாட்டுப்புற வக்கீலை அவர் மதிக்கவே இல்லை. வாதாடவும் விடவில்லை.

ஒதுக்கப்பட்டவர் கோபித்துக்கொண்டு ஊர் திரும்பவில்லை. பார்வையாளர்களோடு உட்கார்ந்து வழக்கைக் கேட்டார்.

அவர்தான் ஆபிரகாம் லிங்கன்!

தலைநகருக்குப் புதியவர்

1860-ல் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதற்கு முன் அவர் கவர்னராக இருந்ததில்லை, மந்திரியாகவும் இருந்ததில்லை. தலைநகரில் 2 ஆண்டு பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார். அவ்வளவுதான்.

கட்சிக்குள் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சீவார்டு, சேஸ், பேட்ஸ், காமரான் ஆகிய 4 பேரையும் அவர் மந்திரிகள் ஆக்கினார்.

காமரானுக்கு யுத்த இலாகா கிடைத்தது. அவருடைய மாகாணத்தின் ஆதரவுக்காக லிங்கனின் நண்பர்கள் கொடுத்த வாக்கே அதற்குக் காரணம் என்பார்கள்.

கைம்மாறாகப் போன பதவி என்ன ஆயிற்று?

1861 ஏப்ரலில் வடக்கு மாகாணங்களுக்கும், அடிமை முறையை விடாத தெற்கு மாகாணங்களுக்கும் யுத்தம் மூண்டது. ராணுவத்துக்குச் சாமான் வாங்கியதில் ஊழல் என்று புகார் கிளம்பியது. மட்டமான சரக்கு, கூடுதல் விலை! நைந்துபோகும் உடுப்போடு போர்முனையில் நின்றவர்கள் ஊரார் வீட்டுப் பிள்ளைகள்.

1862 ஜனவரியில் காமரானை ரஷியாவுக்குத் தூதராக அனுப்பினார் லிங்கன்.

யார் அந்தப் புது மந்திரி?

அந்த இடத்துக்கு லிங்கன் தேர்ந்தெடுத்தது ஸ்டான்டனை!

அவர் எதிர்க்கட்சிக்காரர். லிங்கனைப் பற்றித் தாழ்வாகப் பேசி வந்தவர். ஆனால் கடும் உழைப்பாளி, கை சுத்தமானவர். யுத்த இலாகாவுக்கு அப்படிப்பட்டவர்தான் தேவை என்று லிங்கன் கருதினார்.

ஸ்டான்டன் வந்ததும் காண்டிராக்டுகளைத் தோண்டித் துருவினார். 1863 செப்டம்பரில், டென்னசியில் சிக்கித் தவித்த வடக்குப் படைக்கு உதவியாக 20 ஆயிரம் வீரர்களை ரெயிலில் அனுப்பினார். சுமார் 1,200 மைல் தூரத்தை அவர்கள் ஏறக்குறைய 2 வாரத்தில் கடந்தார்கள்.

காமரானை லிங்கன் கைவிட்டாரா? இல்லை. 1862-ல் பாராளுமன்றம் காமரானைக் கண்டித்தபோது, அந்தப் பழியில் தனக்கும் பங்கு உண்டு என்று எழுதி அனுப்பினார். ஆளை நியமித்தவருக்கும் பொறுப்பு உண்டு அல்லவா?

1865 ஏப்ரலில் லிங்கன் சுடப்பட்டார். அவர் உயிர் பிரிந்தபோது படுக்கை அருகில் இருந்தவர்களில் ஸ்டான்டனும் ஒருவர். அவர் கண் கலங்கினார்.

கடைக்குக் கணக்குப்பிள்ளை வைத்தாலும், கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்க ஆள் வைத்தாலும் இதுவே பாடம்.

நமக்கு வேண்டியவரா என்று பார்க்காதீர்கள். வேலைக்கு வேண்டியவரா என்று பாருங்கள்!