வினாத்தாளைத் தயாரிப்பது யார்?

சித்தூரிலிருந்து வேலூர் போகும் வழியில், தமிழக எல்லையை ஒட்டி இருக்கிறது குடிபாலா. சுமார் 262 கி.மீ. நீளமுள்ள பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையின் இரண்டாம் கட்டம் இங்கே முடிகிறது. வாலாஜாபேட்டை நோக்கிய மூன்றாம் கட்டம் இங்கிருந்தே தொடங்குகிறது. இப்படி ஒரு சாலை வரும்போது ஊரில் பேச்செல்லாம் இழப்பீட்டைப் பற்றித்தான். அதற்கும் முந்திய ஒரு முடிவு, ஊருக்குத் தெரியாமலே எடுக்கப்பட்டுவிடுகிறது: சுற்றுச்சூழல் ஆய்வில் எதையெல்லாம் பார்ப்பது, எதை விட்டுவிடுவது?

மத்திய அரசின் 2006 செப்டம்பர் 14 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, திட்டத்தைக் கொண்டுவருபவர் படிவம் 1-ஐ நிரப்பித் தருகிறார். அதைக் கொண்டு நிபுணர் குழு ஆய்வின் எல்லைகளை வகுக்கிறது. இதற்கு அந்த அறிவிக்கை வைத்த கெடு 60 நாட்கள். இந்த எல்லைகளை அதிகாரிகள் 'டி.ஓ.ஆர்.' (Terms of Reference) என்பார்கள். உண்மையில் இது ஒரு வினாத்தாள். இதில் இல்லாத கேள்விக்கு அறிக்கையில் பதிலைத் தேடிப் பயனில்லை.

படிவத்தில் மறைத்தால் என்ன ஆகும்? கோவாவின் மோபா விமான நிலைய வழக்கு இதற்குச் சாட்சி. அருகிலுள்ள சூழல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளைப் படிவம் 1-இல் சரியாகச் சொல்லவில்லை என்று, 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மறுபரிசீலனைக்குப் பின் 2020 ஜனவரியில்தான் அந்தத் தடை விலகியது.

சாலை என்றால் தார் மட்டுமா? மேடு எழுப்ப மண் வேண்டும். அது ஏதோவொரு குன்றிலிருந்தோ ஏரியிலிருந்தோதான் வரும். சாலை போன்ற திட்டங்களுக்கு மண் எடுக்க முன் அனுமதி தேவையில்லை என்று 2020 மார்ச்சில் மத்திய அரசு விலக்கு அளித்தது. அந்த விலக்கை 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சாலையை ஆராய்ந்துவிட்டு மண் வெட்டிய பள்ளத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது ஆய்வாகாது.

தண்ணீரும் அப்படித்தான். சித்தூர்ப் பக்கத்து நீவா நதியின் நீர் பொன்னையாறு வழியே பாலாற்றில் சேர்கிறது. ஆந்திரத்தில் ஓடை அடைபட்டால், பாதிப்பு தமிழகத்தில் தெரியும். மாநில எல்லையிலிருந்து 5 கி.மீ.க்குள் வரும் பல வகைத் திட்டங்களை மத்திய அளவில் பரிசீலிக்க விதி இருப்பதும் இதனால்தான்.

ஆனால், எந்த ஓடை எந்த ஏரியை நிரப்பும் என்று அறிந்த விவசாயிக்குப் பேச வாய்ப்பு எப்போது? வரைவு அறிக்கை தயாரான பிறகு நடக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத்தில்! அமெரிக்காவில் 1978-லேயே வந்த விதிகள், கேள்விகளை வகுக்கும் கட்டத்திலேயே பாதிக்கப்படுவோரை அழைக்கச் சொல்லின.

இங்கும் அது வர வேண்டும். அதுவரை, உங்கள் பகுதியில் திட்டம் ஒன்று வருகிறது என்று கேள்விப்பட்டால், கருத்துக்கேட்புக்கு நாள் குறிக்கும்வரை காத்திருக்காதீர்கள். ஆய்வு எல்லைகளை இணையத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. அதை எடுத்துப் படியுங்கள். உங்கள் ஏரி அதில் இல்லையென்றால், உடனே எழுத்து மூலம் கேளுங்கள்.