எந்த வானொலியைக் கேட்பது?

மைசூரில் கோபாலசாமி என்ற பேராசிரியர் இருந்தார். மகாராஜா கல்லூரியில் மனோதத்துவம் கற்பித்தார். மனோதத்துவம் என்றால் மனத்தைப் பற்றிய படிப்பு. 1935ஆம் ஆண்டு அவர் தம் வீட்டிலேயே ஒரு சிறிய வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதன் பெயர் ஆகாசவாணி. வானத்தில் இருந்து வரும் குரல் என்பது இதன் பொருள். பின்னால் இந்திய அரசின் வானொலிக்கும் அந்தப் பெயரே வந்தது.

அன்று ரேடியோப் பெட்டி வைத்திருந்தவர்கள் சிலர்தான். நிலையங்களும் குறைவு. கிடைத்ததைக் கேட்டார்கள். பிறகு நிலையங்கள் பெருகின. மக்கள் தங்களுக்குப் பிடித்ததைத் தேடிக் கேட்கத் தொடங்கினார்கள்.

எதைப் பார்த்து ஒரு நிலையத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

முதலாவது, விருப்பம். 1952இல் கேஸ்கர் மத்திய அரசில் ஒலிபரப்புத் துறை அமைச்சர் ஆனார். சினிமாப் பாட்டு தரமானது அல்ல என்று அவர் நினைத்தார். அரசு வானொலியில் சினிமாப் பாட்டு மிகவும் குறைந்தது. மக்கள் சண்டை போடவில்லை. ரேடியோவின் குமிழைத் திருப்பினார்கள். இலங்கை வானொலியைக் கேட்டார்கள். தமிழ்ப் பாட்டும் இந்திப் பாட்டும் கடல் தாண்டி வந்தன. அரசு யோசித்தது. 1957 அக்டோபர் 3 அன்று விவித பாரதி தொடங்கியது. சினிமாப் பாட்டு அரசு வானொலிக்குத் திரும்பி வந்தது.

இரண்டாவது, பயன். 1960களில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் வந்தது. அது குறுகிய காலத்தில் விளையும். தஞ்சைப் பக்கத்து விவசாயிகள் அதைப் பற்றி வானொலியில் கேட்டார்கள். கேட்டதை வயலில் செய்து பார்த்தார்கள். அந்த நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வந்துவிட்டது.

மூன்றாவது, மொழி. மைசூரில் கன்னடம், தமிழ், உருது, தெலுங்கு பேசுவோர் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கிறார்கள். வேறு மொழிப் பாட்டையும் ரசிக்கலாம். ஆனால் செய்தியும் மருத்துவரின் ஆலோசனையும் புரிய வேண்டும். அதற்குத் தெரிந்த மொழி வேண்டும்.

நான்காவது, நேரம். எவ்வளவு நல்ல நிகழ்ச்சியாக இருந்தாலும், வேலை நேரத்தில் வந்தால் யார் கேட்பார்கள்? அதனால்தான் விவசாய நிகழ்ச்சிகள் பெரும்பாலும் காலையிலும் மாலையிலும் வருகின்றன.

ஐந்தாவது, தெளிவு. எப்.எம். ஒலி இரைச்சல் இல்லாமல் கேட்கும். ஆனால் அதிகத் தூரம் போகாது. மலை குறுக்கே இருந்தால் தடைபடும்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வீட்டில் ஒரு ரேடியோதான் இருக்கிறது. கணவர் செய்தி கேட்கிறார். மகன் பாட்டு கேட்கிறான். மனைவிக்குப் பிரசவ காலப் பராமரிப்பு பற்றிய பேச்சைக் கேட்க ஆசை. அவருடைய முறை எப்போது வரும்? இப்போது பல வீடுகளில் செல்போனிலும் வானொலி கேட்கலாம். ஆனால் அந்தப் போனும் யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

குமிழைத் திருப்புவது ஒரு வழி. கடிதம் எழுதுவது இன்னொரு வழி. நேயர்களின் கடிதங்களுக்கென்றே வானொலியில் நிகழ்ச்சிகள் உண்டு. எந்த நிகழ்ச்சி பிடித்தது, எந்த நேரம் வசதி, எதைப் பற்றித் தெரிய வேண்டும் என்று எழுதலாம். அதற்கு ஒரு தபால் அட்டை போதும். எழுதப் படித்தவர் இனி கேட்பவர் மட்டும் அல்ல, கேள்வி கேட்பவரும்தான்.

உங்கள் வீட்டில் ரேடியோவின் குமிழ் யார் கையில் இருக்கிறது?