மூச்சை விடக் கற்பதே முதல் நீச்சல்

மூட்டு வலிக்காக மருத்துவரைப் பார்த்துவிட்டு, ‘நீந்திப் பாருங்கள்’ என்ற அறிவுரையுடன் திரும்பும் நடுத்தர வயதினர் இன்று பலர். அறிவுரை சரியானதே. மார்பளவு நீரில் நிற்பவரின் கால்கள் அவரது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே தாங்குகின்றன. அதேவேளையில், காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்ந்த நீரைத் தள்ளித்தான் ஒவ்வோர் அசைவும் நிகழ வேண்டும். மூட்டுக்கு ஓய்வும் தசைக்கு வேலையும் ஒருசேரக் கிடைக்கின்றன.

ஆனால், ஆர்வத்துடன் சேர்ந்தவர்களில் சிலர் இரண்டாவது வாரமே நின்றுவிடுகிறார்கள். ‘வயதாகிவிட்டது, நான்கு வீச்சுக்குள் மூச்சு வாங்குகிறது’ என்பது அவர்கள் சொல்லும் காரணம். குறை வயதில் இல்லை. மூச்சுவிடும் முறையில் இருக்கிறது.

முகம் நீருக்குள் சென்றதும் மூச்சை அடக்கிக்கொள்வது மனித இயல்பு. தலையைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் பழைய காற்றை வெளியேற்றவும் புதிய காற்றை இழுக்கவும் முயல்கிறோம். இரண்டும் அரைகுறையாக முடிகின்றன. மூச்சு முட்டும் உணர்வைப் பெரிதும் தூண்டுவது ஆக்ஸிஜன் குறைவு அன்று, உடலில் சேரும் கரியமில வாயு. ஆகவே, நீருக்குள் மூக்கு வழியாகச் சீராகக் காற்றை விட வேண்டும். வெளியே வந்ததும் வாயால் இழுக்க மட்டும் வேண்டும். மார்பளவு நீரில் குளத்தின் விளிம்பைப் பிடித்தபடி, நாள்தோறும் பத்து நிமிடம் இதை மட்டுமே செய்தால் போதும். பார்ப்பதற்குச் சலிப்பூட்டும் பயிற்சிதான். இத்தனை நாளில் நீந்த வைப்பதாக விளம்பரம் செய்யும் வகுப்புகள் இதை அவசரமாகக் கடந்துவிடுவதில் வியப்பில்லை.

சுரைக்குடுக்கையையோ லாரி டியூபையோ நம்பிக் கிணற்றில் குதித்த கிராமத்துச் சிறுவர்களுக்கு இது விளையாட்டிலேயே கைவந்தது. அவர்களுக்கு மணிக்கணக்கில் நேரம் இருந்தது. நாற்பது வயதில் நீரில் இறங்குபவருக்கோ அச்சமும் இருக்கிறது, கட்டண நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மூச்சு வசப்பட்டதும் தலையைக் கவனிக்க வேண்டும். தலை உயர்ந்தால் இடுப்பும் கால்களும் தாழும். பார்வை குளத்தின் தரையில் இருக்கட்டும். 25 மீட்டர் நீந்தியதும் நின்று, இயல்பாகப் பேச முடிந்த பிறகு அடுத்த சுற்றைத் தொடங்கலாம். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையை முதல் மாதத்திலேயே எட்ட வேண்டியதில்லை.

வலிப்பு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி இறங்கக் கூடாது. யாராக இருந்தாலும் தனியே நீந்தக் கூடாது. வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டு நீருக்குள் மூழ்கும் போட்டி விளையாட்டல்ல. கரியமில வாயு குறைந்துவிடுவதால் மூச்சு முட்டும் எச்சரிக்கை வருமுன்பே மயக்கம் வந்துவிடும். நன்கு நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

நமது பொது நீச்சல் குளங்களின் பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் கோடை விடுமுறைச் சிறுவர்களை மனத்தில் கொண்டவை. ஆழம் குறைந்த பகுதியைக் காலையில் ஒரு மணி நேரம் வயதுவந்த புதியவர்களுக்கு ஒதுக்கலாம். பெண்களுக்குத் தனி நேரமும் பெண் பயிற்றுநரும் வேண்டும். புதிய குளம் எதையும் கட்டாமலேயே உள்ளாட்சி அமைப்புகள் இதைச் செய்ய முடியும்.