எந்த மொழியில் கவலைப்படுகிறீர்கள்?

பெட்ரோல் நிறைந்த பீப்பாய் பக்கத்தில் நின்று யாரும் சிகரெட் பற்றவைக்க மாட்டார்கள். அதே பீப்பாயில் பெட்ரோல் தீர்ந்து, "அது காலி" என்று சொல்லிவிட்டால் கை தானாகத் தீப்பெட்டியைத் தேடும். உண்மையில் காலி பீப்பாய்தான் அதிக ஆபத்து. உள்ளே நின்றிருக்கும் ஆவி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். அமெரிக்காவின் ஹார்ட்போர்ட் தீக்காப்புறுதி நிறுவனத்தில் ஆலைகளைச் சோதிக்கும் வேலை பார்த்தவர் பெஞ்சமின் லீ வோர்ப். மொழியியலிலும் ஈடுபாடு கொண்ட மனிதர். தீ விபத்துகளை ஆராயும்போது இப்படி ஒரு சொல்லை நம்பி ஆட்கள் அசட்டையாக இருந்ததைக் கவனித்து, 1941இல் வெளிவந்த கட்டுரையில் எழுதினார்.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள எங்கள் மாசாயில் இதைப் புரியவைக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. பக்கத்திலேயே பாசிர் கூடாங். 1977இல் துறைமுகம் வந்ததிலிருந்து இரசாயன ஆலைகளும் செம்பனை எண்ணெய் ஆலைகளும் அங்கே வரிசை கட்டி நிற்கின்றன. தாமான் ரிண்டிங்கிலோ ஸ்ரீ ஆலாமிலோ குடியிருக்கும் பல வீடுகளில் ஒருவராவது அங்கே ஷிப்ட் வேலை பார்த்திருப்பார். "காலி தோங்", அதாவது காலி பீப்பாய், எவ்வளவு காலி என்று அவருக்குத் தெரியும்.

வோர்ப் சொன்னதை எல்லாரும் ஏற்கவில்லை. ஸ்டீவன் பிங்கர் என்ற உளவியலாளர், பீப்பாய் பார்ப்பதற்கே காலியாகத்தானே இருக்கிறது, ஏமாந்தது கண், மொழியின் மேல் ஏன் பழி என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனாலும் அந்தப் பீப்பாயின் மேல் "உள்ளே ஆவி இருக்கு" என்று எழுதி ஒட்டியிருந்தால் சிகரெட் எடுத்த கை கொஞ்சமாவது தயங்கியிருக்கும். மொழி நம் எண்ணத்தைச் சிறை வைக்கிறது என்று இன்று சொல்பவர்கள் குறைவு. எதைக் கவனிக்கிறோம், எதைக் கவனிக்காமல் விடுகிறோம் என்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது என்பதற்குத்தான் சோதனைச் சான்றுகள் உண்டு. தினசரி வாழ்க்கைக்கு அந்த அளவே தாராளம்.

நம் வீடுகளில் காலி தோங் மாதிரி புழங்கும் ஒரு சொல் "டென்ஷன்". சிங்கப்பூர் வேலைக்காக விடியற்காலை நாலு மணிக்கே மோட்டார் சைக்கிளைக் கிளப்பி, பாலத்து ஜாமில் நின்று, பன்னிரண்டு மணி நேரம் வேலை பார்த்து, திரும்பவும் அதே ஜாமில் நின்று வருகிறவரிடம் "என்ன ஆச்சு?" என்று கேட்டால், "ஒன்னுமில்ல, டென்ஷன்லா" என்று பதில் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த ஒரு சொல்லுக்குக் கீழே தூக்கமின்மை இருக்கலாம். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு வார்த்தை இருக்கலாம். மாதக் கடைசியில் காசு போதுமா என்ற பயம் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு. உடம்புச் சலிப்புக்குத் தூக்கம் போதும். மனத்தாங்கலுக்கு எத்தனை மணி நேரம் தூங்கினாலும் தீராது, யாரால் வந்ததோ அவரிடம் பேசினால்தான் ஆறும். காசுக் கவலைக்குப் பேச்சும் தூக்கமும் உதவா, பேங்க் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் டென்ஷன் என்றே சொல்லிக்கொண்டிருந்தால் எதற்கும் சரியான காரியம் நடக்காது. பெரும்பாலும் நடப்பது கைப்பேசியை நோண்டுவதுதான்.

உணர்ச்சிகளைத் துல்லியமாகப் பிரித்துப் பெயரிடும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது என்பதை லிசா பெல்ட்மன் பாரெட் என்ற உளவியலாளர் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார். நுணுக்கமாகப் பிரிக்கத் தெரிந்தவர்கள் அந்த உணர்ச்சியைச் சமாளிப்பதிலும் மேலாக இருக்கிறார்கள் என்பது அவர் ஆய்வு காட்டுவது. இந்த விஷயத்தில் தமிழ் நம்மைக் கைவிடவில்லை. எரிச்சல், ஆதங்கம், ஏக்கம், சலிப்பு, மனக்குறை, கூச்சம், குமைச்சல், தவிப்பு. எல்லாம் பாட்டிமார் தோட்டத்து லயத்தில் சர்வசாதாரணமாகப் பேசிய சொற்கள். பால்மரத் தோட்டத்திலிருந்து தாமானுக்குக் குடிவந்தபோது தட்டுமுட்டுச் சாமான்கள் வந்தன, இந்தச் சொற்களில் பாதி வந்து சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பெயர் வைப்பதால் மட்டும் என்ன ஆகிவிடும்? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழு 2007இல் ஒரு சோதனையை வெளியிட்டது. கோபமும் பயமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்தார்கள். அந்த முகத்துக்குப் பொருத்தமான உணர்ச்சிச் சொல்லைத் தேர்ந்தெடுத்தபோது, மூளையில் ஆபத்து மணியை அடிக்கும் அமிக்டலா என்ற பகுதியின் துடிப்பு குறைந்தது. அதே முகத்துக்கு ஓர் ஆள்பெயரைத் தேர்ந்தெடுத்தபோது அந்த அளவுக்குக் குறையவில்லை. சும்மா ஏதோ ஒரு சொல் போதாது, உணர்ச்சிக்குரிய சொல்லே வேண்டும் என்பது இதில் சுவாரசியம். பிறகு அதே வளாகத்தில் சிலந்திக்குப் பயந்தவர்களைப் பெரிய சிலந்தி ஒன்றின் அருகே போகச் சொன்னார்கள். "பயமில்லை, அது ஒன்றும் செய்யாது" என்று சமாதானம் சொல்லிக்கொண்டவர்களைவிட, "எனக்கு அருவருப்பா இருக்கு, மேல பாஞ்சிடுமோன்னு பயமா இருக்கு" என்ற ரீதியில் உள்ளதைச் சொன்னவர்களுக்கு, ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது உடலின் பதற்றம் குறைவாக இருந்தது. பிள்ளை பயந்தால் "ஒன்னுமில்லடா" என்று வாயை அடைக்கும் நம் வழக்கத்தை இது கொஞ்சம் யோசிக்க வைக்கிறது.

2019 மார்ச்சில் கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டி, பிள்ளைகள் மூச்சுத் திணறி, பாசிர் கூடாங் வட்டாரத்தில் 111 பள்ளிகளை மூடினார்களே, அப்போது இந்த "ஒன்னுமில்ல"வுக்கு எந்த மதிப்பும் இல்லை. பிள்ளைகள் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் சொல்ல வேண்டியது மூன்று: நமக்கு என்ன தெரியும், என்ன தெரியாது, இப்போது என்ன செய்யப் போகிறோம்.

இலக்கணத்தில் ஒரு சிறு வசதியும் தமிழுக்கு உண்டு. நாம் "எனக்குக் கோபம் வருது" என்கிறோம். கோபம் எங்கிருந்தோ நம்மிடம் வருகிறது, வந்தது போகவும் போகும். மலாயில் "சாயா மாரா" என்றால் ஆளும் கோபமும் ஒட்டி நிற்பதுபோல் கேட்கிறது. இதனால் தமிழர்கள் கோபத்தைச் சிறப்பாக அடக்குகிறார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. நம் கல்யாண வீட்டுச் சண்டைகளைப் பார்த்தவர்கள் நிரூபிக்க முயலவும் மாட்டார்கள். இருந்தாலும் "கோபம் வந்திருக்கு, கொஞ்ச நேரம் கழிச்சுப் பேசறேன்" என்று சொல்ல இந்த வாக்கிய அமைப்பு தோதானது.

மாசாய்த் தமிழருக்கு அடுத்த கேள்வி, இதையெல்லாம் எந்த மொழியில் சொல்வது என்பது. வீட்டில் தமிழ், இடைநிலைப் பள்ளியிலும் அரசாங்க அலுவலகத்திலும் மலாய், சிங்கப்பூர்த் தொழிற்சாலையில் ஆங்கிலம், கடைத்தெருவில் எல்லாம் கலந்த ஒன்று. போஸ்டன் பல்கலைக்கழகத்தின் கேத்தரின் ஹாரிஸ் 2003இல் துருக்கிய மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு பின்னாளில் ஆங்கிலம் கற்றவர்களை ஆராய்ந்தார். சிறு வயதில் பெற்றோர் திட்டும் வசவுகளைத் தாய்மொழியில் கேட்டபோது தோலில் வியர்வை மாற்றம் தெளிவாகத் தெரிந்தது. அதே வசவை ஆங்கிலத்தில் கேட்டபோது அவ்வளவு இல்லை. அம்மா தமிழில் சொல்லும் "வெட்கமா இல்லையா உனக்கு?" ஏன் இன்னும் சுடுகிறது, மேனேஜர் ஆங்கிலத்தில் கத்துவதை ஏன் தேநீர் குடித்துக்கொண்டே மறக்க முடிகிறது என்பதற்கு இது ஒரு விளக்கம். பிள்ளையைத் திட்டத் தமிழ், கொஞ்ச ஆங்கிலம் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகள் இருக்கின்றன. அங்கே ஆழமாக இறங்குவது எது என்று அந்தப் பெற்றோர் யோசிக்கலாம்.

இதன் மறுபக்கம் காசு விஷயத்தில் உதவும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் போவாஸ் கெய்சர் குழு 2012இல் காட்டியது இது: ஒரே கணக்கை "இத்தனை பேர் பிழைப்பார்கள்" என்று சொன்னால் ஒரு மாதிரியும், "இத்தனை பேர் சாவார்கள்" என்று சொன்னால் வேறு மாதிரியும் முடிவெடுக்கும் நம் பலவீனம், பின்னாளில் கற்ற மொழியில் யோசிக்கும்போது வெகுவாகக் குறைகிறது. சிறு வயதிலேயே கற்று வீட்டு மொழி மாதிரி ஆகிவிட்ட மொழிக்கு இந்தப் பலன் குறைவு. ஆகவே தமிழும் மலாயும் ஒன்றாகவே கற்று வளர்ந்தவருக்கு இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சொல்லும் விதம் முடிவை மாற்றுகிறது என்பது எல்லாருக்கும் பொருந்தும். கார் விற்பவர் "மாசம் 650 வெள்ளிதானே" என்பார். ஒன்பது வருடக் கடன் என்றால் 108 மாதம், மொத்தம் 70,200 வெள்ளி. "தானே" என்பது அந்த எழுபதாயிரத்தை மூடி மறைக்கிறது. எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்துப் போடுமுன், மாதக் கணக்கை மொத்தக் கணக்காக மாற்றி, வீட்டில் இருப்பவர் காதில் விழும்படி வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். பிறகு கந்துவட்டி ஆலோங்கிடம் போய் நிற்பதைவிட அப்படிச் சொல்லும் கூச்சம் மேல்.

நம்மோடு நாமே பேசிக்கொள்வதற்கும் ஒரு வழி இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஈத்தன் குராஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மேடைப் பேச்சுக்குத் தயாரானவர்களில் சிலர் "நான் ஏன் பதறுகிறேன்?" என்றும், சிலர் தம் பெயரையே சொல்லி "நீ ஏன் பதறுகிறாய்?" என்றும் கேட்டுக்கொண்டார்கள். பெயர் சொல்லிக் கேட்டவர்கள் நன்றாகப் பேசினார்கள், பேசி முடித்த பிறகு தம்மைக் குறைவாக நொந்துகொண்டார்கள். நமக்கு இது புதிதல்ல. திருக்குறளில் நெஞ்சொடு கிளத்தல் என்று 125ஆவது அதிகாரமே இருக்கிறது. நெஞ்சை எதிரே உட்காரவைத்து வழக்குப் பேசுவது தமிழ்க் கவிதையின் பழைய பழக்கம். "மனசே, சும்மா இரு" என்று முணுமுணுக்கும் பெரியவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

நமக்கு நாமே சொல்லும் சொல் சாப்பாட்டு விஷயத்திலும் உதவும். மலேசியாவில் இனிப்புநீர் நோய் பெரிய தொல்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி வயதுவந்தவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது, இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களுக்கே அதிகம். வனெசா பாட்ரிக், ஹென்ரிக் ஹாக்வெட் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நேரடியாகப் பயன்படும். ஒரு தின்பண்டத்தை மறுக்கும்போது "எனக்குக் கூடாது" என்று சொல்லிக்கொண்டவர்களைவிட "நான் சாப்பிடுறதில்ல" என்று சொல்லிக்கொண்டவர்கள் உறுதியாக நின்றார்கள். முதலாவது யாரோ போட்ட தடை, அவர் கண் மறைந்ததும் தளர்ந்துவிடும். இரண்டாவது நம் வழக்கம். "சீனி கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு" என்று மாமாக் கடையில் அலுத்துக்கொள்கிறவருக்கு நண்பர்கள் "இன்னிக்கு ஒரு நாள்தானே" என்பார்கள். "நான் சீனி போடுறதில்ல, தே ஓ கோசோங்" என்றால் பேச்சுக்கு அதிக இடமில்லை, கிளாஸ் வந்துவிடும்.

இந்தச் சொல் மாற்றங்களால் சம்பளம் உயராது, பாலத்து ஜாம் குறையாது. ஷிப்ட் நேரத்தையும் எந்தச் சொல்லும் மாற்றாது. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது சொல்லால் மட்டும் சரிசெய்யும் விஷயமல்ல, அரசாங்க கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கேயும் மொழி குறுக்கே வரும். தமிழில் "மனசு சரியில்ல" என்று வருவது மலாயில் சொல்லும்போது "தலைவலி" என்று சுருங்கி, பனடோலோடு திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. போகுமுன் வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்: எப்போதிலிருந்து, எத்தனை மணி நேரத் தூக்கம், என்ன நினைப்பு திரும்பத் திரும்ப வருகிறது. பிறகு ஒரு பிள்ளையை விட்டு மலாயில் மாற்றி எழுதவையுங்கள், "தாக் போலே தீடோர், சூடா துவா மிங்கு" (தூங்க முடியவில்லை, இரண்டு வாரமாகிறது) என்பது போல. நேரில் போகத் தயக்கமென்றால் சுகாதார அமைச்சின் 'ஹீல்' தொலைபேசி எண் 15555.