பழைய கோப்பும் புதிய கணிப்பொறியும்

திருமலைக் கோயிற் சுவர்களில் உள்ள கல்வெட்டுகளிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. பல நூற்றாண்டுகள் கழிந்தும் அவற்றை இன்று படிக்க முடிகின்றது. கல்லில் வெட்டப்பட்டது எழுத்தின் வடிவம் என்பதே இதற்குக் காரணம். கணிப்பொறியின் கோப்பில் தங்குவதோ வடிவம் அன்று. அவ்வெழுத்துக்கு இடப்பட்ட எண் மட்டுமே. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் உடன்பாடு மாறிவிடுமாயின், இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய கோப்பும் படிக்க இயலாததாகிவிடும். இவ்விடர் எவ்வாறு நேர்கின்றது, அதனைக் களைவது எங்ஙனம் என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

தொடக்க காலத்தில் தமிழ் எழுத்துருவை ஆக்கியோர் ஒவ்வொருவரும் தமக்கு உகந்தவாறு எண்களை வகுத்துக்கொண்டனர். 1991-இல் இந்திய மொழிகளுக்கெனப் பொது நியமம் ஒன்று வெளியிடப்பட்டது. அதில் 179 என்னும் எண், தமிழ்க் ககரத்துக்கும் தெலுங்குக் ககரத்துக்கும் பொதுவானது. 1999-இல் தமிழக அரசு ‘டாம்’, ‘டாப்’ என்னும் இரு முறைகளை ஏற்றது. ‘திஸ்கி’ என்பது கணித்தமிழ் ஆர்வலரிடையே வழங்கிய மற்றொரு முறை. உலகின் எழுத்து முறைகளுக்குத் தனித்தனி இடம் வகுத்த யுனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-இல் நியமமாக ஏற்றது. இம்முறையில் தமிழ்க் ககரத்தின் எண் 2965. தெலுங்குக் ககரத்தின் எண் அதனினும் 128 கூடிய 3093. இருமொழியும் வழங்கும் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் எழுத்து வேலை செய்வோர்க்கு இது பெரும் வசதியே. ஆயினும், பழைய முறைகளில் எழுதிய கோப்புகள் தாமாக மாறிவிடுவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், சித்தூரிலிருந்து பழைய பெயர்ப் பட்டியல் ஒன்று மொழிபெயர்ப்புக்காக நம்மிடம் வந்தது. தமிழகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, ஆந்திர எல்லையில் குடியேறியோரின் பெயர்கள் அதில் இருந்தன. பட்டியலிலுள்ள பெயர் உறுப்பினர் அட்டையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தாலன்றி உதவித் தொகை கிடையாது. திருப்பதியில் நாம் அதனைத் திறந்தபோது, எழுத்துகள் யாவும் செவ்வையாகவே தோன்றின. ஆனால், அகர வரிசையில் அமைந்த அப்பட்டியலில் ஆறுமுகத்துக்கும் ஈசுவரனுக்கும் இடையே ராமசாமி, ரங்கநாதன், ராஜம்மாள் ஆகியோர் நின்றனர்! ரகரத்துக்கு அங்கு என்ன வேலை?

மூலக் கோப்பு திஸ்கி முறையில் ஆனது. அம்முறையில் இகரத்துக்கு முதலில் அளித்த எண் 173. ஐரோப்பிய மொழிகளுக்கான நியமத்திலோ, வரியின் இறுதியில் சொல்லைப் பிரிக்கும்போது மட்டும் தோன்றும் சிறு கோட்டுக்கு உரியது அவ்வெண். மற்றைப் பொழுதில் அது கண்ணுக்குப் புலனாகாது. ஆதலின் சில மென்பொருள்கள் இகரத்தை மறைத்தன. சில அடியோடு நீக்கியும்விட்டன. இதனை உணர்ந்தே பின்னர் இகரத்துக்கு 254 என்னும் இடமும் வகுக்கப்பட்டது. நம் பட்டியலில் ‘ளங்கோவன்’ என்று நின்றதை எவரோ கண்டு திருத்தியிருந்தனர். ‘இராமசாமி’ ‘ராமசாமி’ ஆனதை எவரும் கவனித்திலர். இரண்டுமே வழக்கிலுள்ள பெயர்கள் அல்லவா? எழுத்துகள் அலங்கோலமாகத் தோன்றினால் பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். செம்மையாகத் தோன்றும் பிழையே ஒரு முதியவரின் உதவித் தொகையை நிறுத்திவிட வல்லது.

இத்தகைய கோப்பு கைக்கு வந்தால் செய்யத்தக்கவை சில. முதலாவது, மூலத்தைத் தொடாது, படி எடுத்து அதில் மட்டும் வேலை செய்தல் வேண்டும். புதிய மென்பொருளில் திறந்து சேமித்த மாத்திரத்தில் சில எண்கள் தொலைந்துபோகக் கூடும். தொலைந்ததை எந்த மாற்றியாலும் மீட்க இயலாது. இரண்டாவது, கோப்பு எம்முறையில் ஆனது என்று அறிதல். அதனுடன் பயன்பட்ட எழுத்துருவின் பெயர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மூன்றாவது, அம்முறைக்குரிய மாற்றியைக் கொண்டு யுனிகோடுக்கு மாற்றுதல். பழைய முறைகள் பலவற்றில் ‘கொ’ என்பதைக் கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே பதிந்தனர். யுனிகோடிலோ ககரம் முன்னும் உயிர்க்குறி பின்னும் வரும். பொருந்தாத மாற்றியைக் கையாண்டால் கொம்பு அயலெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்.

நான்காவதும் முக்கியமானதும், பழைய அச்சுத்தாளோடு ஒப்பிட்டுப் பார்த்தல். இகரத்தில் தொடங்கும் சொற்களையும், ஒகர ஓகாரங்களையும், இடையில் வரும் ஆங்கிலச் சொற்களையும் சிறப்பாக நோக்குதல் வேண்டும். நாமும் அவ்வாறே சித்தூரிலிருந்து பழைய அச்சுப்படியை வரவழைத்து, ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்க, விடுபட்ட இகரங்களை உரிய இடத்தில் சேர்த்தோம். அதற்கு ஒரு பிற்பகல் முழுதும் தேவைப்பட்டது.

கணிப்பொறியில் ஏற்றியாயிற்று என்று பழைய தாள்களை எடைக்குப் போட்டுவிடும் வழக்கம் நம் காரியாலயங்களில் உண்டு. கோப்பு புதிய முறைக்கு மாறி, ஒப்பிட்டுச் சரிபார்க்கப்படும் வரையிலேனும் அத்தாள்கள் பீரோவில் இருக்கட்டும்.